பௌர்ணமிக்குக் கழற்றிய சங்கு

12 ஜனவரி 2025
ஏழாங்கட்டை லயம், பாகான் டத்தோ

அன்புள்ள கலா அக்காவுக்கு,

நவமணி எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். உன் இருமல் நின்றதா?

சோப்பு நுரைக்கவில்லை, அக்கா. அதைத்தான் முதலில் கவனித்தேன். கிணற்றுத் தண்ணீரில் துணியைப் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் சோப்பு தயிர்போல் திரிந்து வருகிறது. கடைக்காரர் போலிச் சோப்பை விற்றுவிட்டார் என்று அம்மா திட்டினார். நான் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. கடல், பண்டு என்ற மண்கரையைத் தாண்டி வாய்க்காலுக்கு வந்தது நமக்குத் தெரியும். இப்போது தரைக்கு அடியிலும் வந்துவிட்டது.

செம்பனைக் கம்பெனி தன் பக்கத்துப் பண்டை மட்டும் மண் போட்டு உயர்த்திவிட்டது. நம் லயத்து வரிசை வீடுகள் பக்கம் அப்படியே இருக்கிறது. "அது எங்க நெலம் இல்லலா" என்று மேஸ்திரி சொன்னாராம். கடலுக்கு யார் நிலம் என்று தெரியுமா? பாதையில் தண்ணீர் ஏறுகிறது என்று பள்ளிப் பேருந்து உள்ளே வராமல் நின்றதால்தான் என் படிப்பு மூன்றாம் படிவத்தோடு முடிந்தது. அப்போதும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

போனில் பேசச் சொல்கிறாய். அம்மா பக்கத்தில் நிற்கும்போது எனக்குப் பேச வாயே வருவதில்லை. எழுதினால் வருகிறது. பத்துமலை அண்ணன் மீன் வேனில் ஈப்போ மார்க்கெட்டுக்கு வரும்போதெல்லாம் கடிதம் கொடுத்தனுப்புகிறேன். நீயும் அவரிடமே கொடு.

பொங்கலுக்கு வருவாயா? உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
நவமணி


26 ஜனவரி 2025
புந்தோங், ஈப்போ

அன்புத் தங்கை மணிக்கு,

இருமல் நின்றுவிட்டது. அம்மா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?

பொங்கலுக்கு வர முடியவில்லை. ஆபீசில் பெரிய வேலை. உன் கடிதத்தில் இருந்த சோப்பு விஷயத்தை எங்கள் அதிகாரி சுரேன் சாரிடம் சொன்னேன். அவர் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார். கடல் ஏறும் ஊர்களுக்கு உதவ வெளிநாட்டிலிருந்து எங்கள் அமைப்புக்குப் பணம் வந்திருக்கிறது. முதல் ஊராக நம் லயத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்!

எச்சரிக்கைச் சங்கு வைக்கப் போகிறார்கள். வாய்க்காலில் ஒரு மிதவை இருக்கும். தண்ணீர் அளவுக்கு மேல் ஏறினால் சங்கு தானாக ஊதும். எங்கே வைக்கலாம் என்று கேட்டார்கள். கோயில்தான் மேடு, கரண்டும் இருக்கிறது, கோயில் தலைவர் எங்கள் சொந்தத் தாய்மாமன் என்று சொன்னேன். சுரேன் சாருக்கு ஒரே சந்தோஷம். "ஊரே ஒத்துழைக்கும் போலிருக்கே கலா" என்றார்.

பெட்டியின் சாவியை வைத்திருந்து, பச்சை விளக்கு எரிகிறதா என்று தினமும் பார்க்க ஒரு தொண்டர் வேண்டும். உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். பேச வேண்டியதில்லை, பயப்படாதே.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

அன்பு அக்கா,
கலாதேவி


23 பிப்ரவரி 2025
ஏழாங்கட்டை லயம்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீ அனுப்பிய போர்வை அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது.

சங்கு வந்துவிட்டது! கோயில் கம்பத்தில் குழாயையும், சாமான் அறையில் பெட்டியையும் மாட்டியிருக்கிறார்கள். எல்லாருக்கும் நீலச் சட்டை கொடுத்தார்கள். முதுகில், 'பருவநிலை மாற்றத்துக்கு ஏற்ப வாழப் பழகுவோம்' என்று மலாயில் எழுதியிருக்கிறது. நாங்களா அக்கா கடலை ஏற்றினோம்? எங்களைப் போய்ப் பழகச் சொல்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

ஆனால் சங்கு எனக்குப் பிடித்திருக்கிறது. சனிக்கிழமை மாலையில் நான்தான் பொத்தானை அழுத்திச் சோதிக்க வேண்டும். முதல் தடவை அழுத்தியபோது பூசாரி தீபாராதனைத் தட்டைக் கீழே போட்டுவிட்டார். "வாயில்லாப் பூச்சிக்கு வாய் வாங்கிக் குடுத்துட்டாங்கலா!" என்று மாமா சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அது உண்மைதானே.

கடைசி வீட்டு ஆம்புரோஸ் அங்கிளுக்குத்தான் மிகவும் சந்தோஷம். இனிப்பு நீர் நோயில் ஒரு காலை எடுத்த பிறகு அவர் கட்டிலிலேயே இருக்கிறார். அவர் வீடுதான் பள்ளம், தண்ணீர் முதலில் அங்கேதான் வரும். அவர் மனைவி பெட்ரீசியா ஆன்ட்டி தெலுக் இந்தான் டவுனில் துப்புரவு வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். "பாப்பா, நீ ஊது. ஊதின உடனே எவனாவது வந்து என்னைத் தூக்கிட்டுப் போவான். இல்லேன்னா நீயே தூக்கிரு, நான் இப்ப பாதி ஆளுதானே" என்று சிரிக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நவமணி


23 மார்ச் 2025
ஏழாங்கட்டை லயம்

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே வெயில் தாங்கவில்லை. அம்மாவுக்கு மறுபடியும் கால் வீங்கியிருக்கிறது. இந்தக் கடிதம் அவசரம். படித்த உடனே சுரேன் சாரிடம் சொல்லிவிடு.

பங்குனித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டப் போகிறார்கள். ஒலிபெருக்கிக்காரர் வந்து பார்த்துவிட்டு, கம்பத்தில் சங்குக் குழாய் இருப்பதால் தன் குழாயை மாட்ட இடமில்லை என்றார். "கழட்டி வச்சிரலாம். காப்புக் கட்டிட்டா ஆத்தா கொட்டுச் சத்தத்தத் தவிர வேற எந்தச் சத்தமும் ஊருக்குள்ள கேக்கக் கூடாது. திருவிழா முடிஞ்சதும் மாட்டிக்கலாம்" என்று மாமா சொல்லிவிட்டார். பெட்டியையும் அணைக்க வேண்டுமாம், விளக்கு அலங்காரத்துக்குக் கரண்டு போதாதாம். என்னிடம் சாவி கேட்டார். நான் கொடுத்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல எனக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நம் திருவிழா பங்குனிப் பௌர்ணமியில். பெரிய அலை வருவதும் பௌர்ணமியில்தான். அதிலும் பங்குனி அலைதான் பெரிது என்று மீன்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். சங்கு எந்த நாளுக்கு வேண்டுமோ அந்த நாளுக்காகவே அதைக் கழற்றுகிறார்கள், அக்கா. இடம் கேட்டவர்கள் திருவிழா என்றைக்கு என்று கேட்கவில்லை. இடம் கொடுத்தவர்கள் அலை என்றைக்கு என்று யோசிக்கவில்லை.

நான் சொன்னால் மாமா கேட்கமாட்டார். சுரேன் சார் போன் செய்தால் கேட்பார். வேறு கம்பம் நட்டுக்கொடுத்தாலும் போதும். மறக்காமல் சொல். சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி எழுது.

நவமணி


2 ஏப்ரல் 2025
புந்தோங், ஈப்போ

அன்புத் தங்கை மணிக்கு,

நான் நலம். அம்மா காலுக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன், சூடுபடுத்தித் தேய்க்கச் சொல்.

நீ எழுதியதெல்லாம் படித்தேன். திருவிழாவுக்கு உனக்கு மாம்பழ நிறத்தில் ஒரு பாவாடை தாவணி வாங்கியிருக்கிறேன். லிட்டில் இந்தியா கடையில் எடுத்தேன், அளவு சரியாக இருக்கும். தலைக்குப் பூ வைத்துக்கொள், எப்போதும்போல மூலையில் போய் நிற்காதே. எங்கள் ஆபீசுக்கு அடுத்த மாதம் வெளிநாட்டு விருந்தினர்கள் வருகிறார்கள். ஒத்துழைப்புக்கு எடுத்துக்காட்டான ஊர் என்று நம் லயத்துப் படத்தைச் சுவரில் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். நீயும் அதில் இருக்கிறாய், பாதி முகம்தான் தெரிகிறது. என் வேலையையும் நிரந்தரமாக்குவது பற்றிப் பேசுகிறார்கள்.

எனக்காகவும் ஆத்தாவை வேண்டிக்கொள்.

அன்பு அக்கா,
கலாதேவி


15 ஏப்ரல் 2025
ஏழாங்கட்டை லயம்

அக்காவுக்கு,

அம்மா நலம். நான் நலம். தாவணி சேறாகிவிட்டது.

சனிக்கிழமை மாலை எல்லாரும் கோயிலில் இருந்தோம். ரதம் கிளம்பும் நேரம். ஒலிபெருக்கியில் பாட்டு, கீழே உறுமி. பக்கத்தில் நிற்பவர் பேசினாலும் காதில் விழாது. நான் எப்போதும்போல மூலையில் நின்றேன். அங்கிருந்துதான் படி தெரியும். படியில் கழற்றிவிட்ட செருப்புகள் மிதந்துகொண்டிருந்தன.

மாமாவிடம் ஓடினேன். கையைக் காட்டினேன். "நில்லு புள்ள, சூடம் காட்டிட்டு இருக்காங்க" என்றார். சத்தம் போட்டேன், அக்கா. நிஜமாகவே போட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

தனியாகத்தான் ஓடினேன். கடைசி வீட்டுக்குப் போனபோது தண்ணீர் கட்டிலுக்கு மேல் வந்திருந்தது. ஆம்புரோஸ் அங்கிள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குவதுபோல உட்கார்ந்திருந்தார். கடைசி வீட்டுத் தரை எங்கள் வீட்டைவிடத் தாழ்வு. என்னால் அவரைத் தூக்க முடியவில்லை. அவர் கழுத்தைத் தாங்கிக்கொண்டு நின்றேன். ரதம் கோயிலை விட்டு இறங்க முடியாமல் நின்ற பிறகுதான் ஆட்கள் வந்தார்கள்.

தெலுக் இந்தான் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மீதிக் காலில் இருந்த புண்ணில் சேறு புகுந்து சீழ் பிடித்துவிட்டது. நேற்று போய்ப் பார்த்தேன். "பாட்டு நல்லா இருந்துச்சு பாப்பா. நான் கூப்பிட்டது அவங்களுக்குக் கேக்கல. அவங்க பாட்டு எனக்கு வரி வரியா கேட்டுச்சு" என்றார். பெட்ரீசியா ஆன்ட்டி எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்.

மறுநாள் விடியும்போது குழாயைக் கம்பத்தில் திரும்ப மாட்டிவிட்டார்கள். பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது.

நீ சுரேன் சாரிடம் சொன்னாயா?

நவமணி


30 ஏப்ரல் 2025
புந்தோங், ஈப்போ

அன்புத் தங்கை மணிக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். ஆம்புரோஸ் அங்கிளுக்கு மைலோ டின்னும், பெரியவர்கள் கட்டும் டயாப்பரும் பத்துமலை அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். நான் கொடுத்ததாகச் சொல்ல வேண்டாம், நீ வாங்கியதாகவே கொடு.

நடந்தது நடந்துவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அப்பா இறந்தபோது மாமா நமக்கு என்ன செய்தார் என்று உனக்குத் தெரியும். அவர் ஒத்தாசை இல்லாவிட்டால் அம்மாவால் அந்த வீட்டில் இருக்க முடியுமா? கோபத்தில் யாரிடமும் எதையும் சொல்லிவிடாதே. சுரேன் சார் நேரில் வருவார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்.

நன்றாகச் சாப்பிடு.

கலாதேவி


25 மே 2025
ஏழாங்கட்டை லயம்

அக்காவுக்கு,

அம்மாவுக்குக் கால் பரவாயில்லை. மைலோவைக் கொடுத்தேன். நான் வாங்கியதாகச் சொல்லவில்லை, நீ கொடுத்ததாகவும் சொல்லவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சுரேன் சார் வந்தார். பெட்டியைச் சோதனைக்காகக் கழற்றி ஈப்போவுக்கு எடுத்துப் போய்விட்டார். மாமா வீட்டில் கோழிக் கறியோடு சாப்பாடு. என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்தார்கள். "பெட்டியில கோளாறே இல்ல. அப்புறம் ஏன் ஊதல?" என்று சார் கேட்டார். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசுவதற்குள் மாமாவே, "சின்னப் புள்ள சார். சோதிச்சிட்டு சுவிட்சத் திரும்பப் போட மறந்திருக்கும். திருவிழா குஷி" என்றார். சார் எழுதிக்கொண்டார்.

குழாயைக் கழற்றினார்கள் என்று அப்புறம் தனியாகச் சொன்னேன், அக்கா. வாசலில் கார்ப் பக்கம் போய்ச் சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "முன்கூட்டியே எங்களுக்கு யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தடுத்திருப்போமேம்மா. யாருமே சொல்லலையே."

யாருமே சொல்லலையே.

மார்ச் மாதம் நான் எழுதிய கடிதம் உனக்குக் கிடைத்தது. பாவாடை தாவணி வாங்கியதாகப் பதில் எழுதினாயே, அதில், "நீ எழுதியதெல்லாம் படித்தேன்" என்றும் இருந்தது. மறுபடியும் கேட்கிறேன். நீ சொன்னாயா, இல்லையா?

நவமணி


3 ஆகஸ்ட் 2025
புந்தோங், ஈப்போ

அன்புத் தங்கை மணிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. வேலை அதிகம். கொஞ்ச நாளாகத் தூக்கமும் சரியில்லை.

முக்கியமான விஷயம். அக்டோபரில் மறுபடியும் பெரிய அலை வரும் என்று ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். பெட்டி இங்கே அலமாரியில்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு வழிதான் உண்டு என்கிறார்கள். தொண்டர் மறந்துவிட்டார் என்றால் அது பயிற்சிக் குறை. மறுபடியும் பயிற்சி கொடுத்துப் பெட்டியை மாட்டிவிடுவார்கள். ஊர்க்காரர்களே கழற்றினார்கள் என்றால் ஒத்துழைப்பு இல்லாத ஊர் என்று ஆகிவிடும். சங்கு கோலா குராவ் பக்கம் வேறு ஊருக்குப் போய்விடும். பணம் கொடுப்பவர்களின் சட்டம் அது.

செப்டம்பரில் கூட்டம் போடுகிறார்கள். எழுந்து, "மறந்துவிட்டேன்" என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும். உன்னை யாரும் திட்டமாட்டார்கள், பதினாறு வயதுப் பெண்தானே. ஆம்புரோஸ் அங்கிளுக்காகவாவது சொல்.

நீ கேட்டிருந்தாய். நேரில் வரும்போது பேசலாம்.

அம்மாவுக்கு என் அன்பு.

கலாதேவி


14 செப்டம்பர் 2025
ஏழாங்கட்டை லயம்

அக்காவுக்கு,

அம்மா நலம். ஆம்புரோஸ் அங்கிள் வீட்டுக்கு வந்துவிட்டார். மற்றக் காலிலும் பாதியை எடுத்துவிட்டார்கள். இதை யாரும் உனக்கு எழுதியிருக்கமாட்டார்கள் என்பதால் முதலில் எழுதுகிறேன்.

கூட்டத்துக்கு நீ வரவில்லை. உனக்குக் காய்ச்சல் என்று சுரேன் சார் சொன்னார். குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

உன் சட்டத்தை நாள் முழுக்க யோசித்தேன். பொய் சொன்னால் சங்கு வரும், உண்மை சொன்னால் சங்கு போகும். இப்படி ஒரு சட்டத்தை யார் உட்கார்ந்து எழுதினார்கள்? அவர்கள் வீட்டுக் கட்டில் நனையாது. கடலைக் கிளப்பிவிட்டவர்கள் எங்கோ இருக்கிறார்கள். உதவி செய்ய வருகிறவர்களுக்கு எங்களில் ஒருத்தி பழியை ஏற்றுக்கொண்டு தலைகுனிய வேண்டும். மாமாவுக்கு மரியாதை வேண்டும், உனக்கு வேலை வேண்டும். அங்கிளுக்குக் கால் வேண்டாமா?

கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது. "எழுந்து சொல்லு மணி, பயப்படாத. சின்ன வயசுல மறக்கிறது சகஜம்லா" என்றார் மாமா. பின் வரிசையில், "இதுக்குச் சொல்லத் தெரியுமா, ஊதத்தான் தெரியும்" என்று யாரோ சொன்னார்கள். சிரித்தார்கள்.

எழுந்தேன். "மறந்துட்டேன் சார்" என்றேன்.

பெட்ரீசியா ஆன்ட்டி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். குழாயைக் கழற்றியதை அவர் கண்ணால் பார்த்தவர். கதவுவரை போய்விட்டார். நான் உட்காரவில்லை.

"எனக்கு மறதி ஜாஸ்தி சார். கோயில் எங்க வீட்டுக்குத் தூரம். ஆம்புரோஸ் அங்கிள் வீட்டு வாசல்ல தனியா ஒரு கம்பம் நட்டு, பெட்டியையும் அங்கயே வச்சீங்கன்னா மறக்கமாட்டேன். அங்கிள் வீட்டுலயே இருப்பாரு, அவருகிட்டயும் ஒரு சாவி குடுங்க."

"கோயில்தானே மேடு? அங்கயே இருக்கட்டும் சார்" என்றார் மாமா.

"கோயில்ல இருந்தா மறுபடியும் மறந்துருவேன் மாமா" என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என்ன சொல்ல முடியும் அவரால்? மறந்தவள் நான்தானே.

நல்ல யோசனை என்று சுரேன் சார் எழுதிக்கொண்டார். ஆன்ட்டி கதவிலிருந்து திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அடிப்பாவி" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

வெள்ளிக்கிழமை கம்பம் நட்டார்கள். பெட்டியை ஜன்னலுக்கு மேலே, தண்ணீர் எட்டாத உயரத்தில் வைத்தார்கள். பேட்டரியும் இருக்கிறது, கோயில் கரண்டு தேவையில்லை. அந்த நிலம் ஆன்ட்டி பெயரில் இருப்பதால், அவர் சம்மதம் இல்லாமல் கழற்றக் கூடாது என்று அவரும் சுரேன் சாரும் கையெழுத்துப் போட்டார்கள். இனி யாராலும் அதைக் கழற்ற முடியாது. இன்று காலை அங்கிள்தான் பொத்தானை அழுத்தினார். லயம் முழுக்கக் கேட்டது. கோயில்வரை கேட்டது.

நான் மறக்கவில்லை, மாமாதான் கழற்றச் சொன்னார் என்பதையும், மார்ச் மாதம் நான் யாருக்கு எழுதினேன், என்ன பதில் வந்தது என்பதையும் சேர்த்துத்தான் எல்லாரிடமும் சொல்லத் தொடங்கிவிட்டேன். வேறு யாராவது சொல்லி நீ கேள்விப்பட வேண்டாம் என்றுதான் நானே எழுதுகிறேன்.

இன்று காலை சோதனை முடிந்து கிளம்பிய சுரேன் சாரின் கார் செம்பனைக் காட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு லயத்தின் முதல் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். முதல் வீடு மாமாவுடையது.

நவமணி